நாலாம் பாய்லருக்குள் சந்தியாகு

மூன்று தட்டு தட்டினால் போதும், வெளியே போய்விடலாம். வெளியே காற்று இருக்கிறது, ஒரு குவளைத் தண்ணீர் இருக்கிறது, நெருப்பறை ஆட்களை மேய்க்கிற மீரான் தண்டல் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்து வைத்திருப்பார். சந்தியாகு சுத்தியலை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். தட்டவில்லை. முகத்துக்கு ஒரு சாண் மேலே பித்தளைக் குழாய்கள் வரிசை வரிசையாக ஓடின. முதுகுக்குக் கீழே அடுப்பின் முகட்டுத் தகடு. நெருப்பை அணைத்து இரண்டு நாளாகியும் அந்தத் தகட்டுக்குக் கோபம் தணியவில்லை. முதுகை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் சுட்டது. இடுப்பில் கோவணம், முழங்காலிலும் முழங்கையிலும் சாக்குத் துணி, தலைமாட்டில் புகைகிற ஒரு எண்ணெய் விளக்கு, நாக்கிலும் மூக்கிலும் கண் ஓரத்திலும் உப்புத் தூள். கடல் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாய்லரின் உள்பக்கமெல்லாம் உப்புப் பொருக்குத் தட்டிப்போகும். உள்ளே ஊர்ந்துபோய் அதைச் சுரண்டி எடுப்பது ஒல்லியான ஆட்களின் வேலை. சுரண்டி முடித்தவன் கடைசியாகத் தகட்டில் மூன்று தட்டு தட்டவேண்டும். வெளியே தண்டல் பாய்லரில் காது வைத்துக் கேட்பார். கணீரென்று கேட்டால் ஒரு தட்டு திருப்பித் தட்டுவார். அதற்கப்புறம்தான் உள்ளே இருப்பவன் வெளியே வருவது, பாய்லர் வாயை மூடுவது, தண்ணீர் விடுவது, நெருப்பு வைப்பது எல்லாம். எந்தப் புத்தகத்திலும் இது எழுதியில்லை. ஆனாலும் இந்தக் கப்பலின் நெருப்பறை ஆட்கள் பதினொரு பேரும் இதை மீறி ஒரு திருகாணியைக்கூட முறுக்கமாட்டார்கள். அந்த மூன்று தட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு சந்தியாகு ஒரு மணி நேரமாகச் சும்மா கிடந்தான்.

இடது இடுப்புக்குப் பக்கத்தில்தான் அந்த இடம் இருந்தது. ஒரு சோற்றுத் தட்டு அளவு. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கீழே தொய்ந்திருப்பது தெரியும். நேற்று இஞ்சினியர் துரை, நெருப்பறையில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் செம்மீசை என்று சொல்கிற அந்த ஒல்லி மனிதர், பாய்லர் வாய்க்குள் தலையை மட்டும் நுழைத்து, “அந்த மூலையைச் சுரண்டாதே, அப்படியே விடு” என்று தன் உடைந்த இந்துஸ்தானியில் சொல்லியிருந்தார். அப்படியே விடு என்றதும்தான் சந்தியாகுவுக்கு அந்த மூலைமேல் கண் விழுந்தது. பொருக்கு மூடியிருந்தால் பார்க்கிறவன் கண்ணுக்குத் தகடு நன்றாக இருக்கும். ஆனால் பொருக்கு மூடிய இடத்தில் தண்ணீர் படாது, தண்ணீர் படாத இரும்பைக் கீழேயிருந்து தீ தின்றுகொண்டே வரும். இது செம்மீசைக்குத் தெரியாதா? தெரியும். பதினாறு வருஷம் நெருப்பறையில் வெந்த சந்தியாகுவுக்குத் தெரிகிறது, சீமையில் படித்துவிட்டு வந்தவருக்குத் தெரியாமல் போகுமா. அவன் முதல் வேலையாக அந்த மூலையைத்தான் சுரண்டினான். முழுசாக, மாவு போகச் சுரண்டினான். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டினான். சத்தமே இல்லை என்று சொல்லமுடியாது, ஈரக் களிமண்ணில் அடித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. கை எடுத்துப் பார்த்தால் தகட்டில் சுத்தியலின் வட்டம் பதிந்திருந்தது. இரும்பில் பள்ளம் விழுமா? விழுந்திருந்தது. அவன் அதை விரலால் தடவினான், மறுபடி தடவினான், ஒரு மணி நேரமாக நினைத்தபோதெல்லாம் தடவிக்கொண்டிருக்கிறான்.

“எலே சந்தியாகு, உறங்கிட்டியா?” பாய்லர் வாய்ப்பக்கமிருந்து மீரான் தண்டலின் குரல் குழாய்களுக்கிடையே ஊர்ந்து வந்தது. காயல்பட்டினத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், சந்தியாகுவை மணப்பாட்டுக் கரையிலிருந்து கப்பலுக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். தங்கள் கரையில் மூத்த முஸ்லிம் ஆளைக் கூப்பிடுகிறபடி அவன் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். “உறங்கல காக்கா.” “பொறவு என்னலே செய்யுத? தட்டிட்டு வா. தொர ரெண்டு மட்டம் வந்து கேட்டாச்சி.” “தட்ட முடியாது காக்கா. தகடு செத்துப்போச்சி.” கீழே, அடுப்புக்குள் புகுந்து சாம்பல் வாருகிற யாகூத்தின் மண்வெட்டி மட்டும் கரகரவென்று கேட்டது. ஜஞ்சீராப் பக்கத்துச் சித்தி சாதி அவன், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வம்சம், கதவளவு தோள், அந்தத் தோளால்தான் பாய்லர் வாய்க்குள் நுழையமுடியாமல் தப்பித்துக்கொண்டே இருக்கிறான் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். “எந்த எடத்துல?” என்றார் மீரான் தண்டல், குரலைத் தாழ்த்தி. “தொர தொடாதன்னு சொன்ன எடத்துல.” பிறகு அவர், “நாளைக்கு லாட்டு வாரார்லே” என்றார். எனக்குத் தெரியாதா என்று சந்தியாகு நினைத்தான். கவர்னர் லாட்டு துரை கப்பலைப் பார்க்க வருகிறார் என்று ஒரு வாரமாகப் பித்தளையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணாகியிருக்கிறது. நாலு பாய்லரிலும் முழு நெருப்பு வைத்து, துறைமுக வாய்வரைக்கும் முழு வேகத்தில் போய்த் திரும்பவேண்டும். மூன்று பாய்லரில் போனால் கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான், குடி ஒன்றும் முழுகிப்போகாது. ஆனால் மெதுவாகப் போனால் ஏன் மெதுவாகப் போகிறது என்று லாட்டு கேட்பார், கேட்டால் செம்மீசை பதில் சொல்லவேண்டும். அவர் பதில் சொல்லாமலிருப்பதற்காகப் பதினொரு பேர் அடுப்புக்கு முன்னால் நிற்கவேண்டும். இதை யோசிக்க யோசிக்க அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல் வந்ததில் முதுகுச் சூடு கொஞ்சம் மறந்தது.

இந்தக் கப்பலுக்கு என்ன வேகம் வேண்டியிருக்கிறது? சீமையில் இதைக் கட்டியது பதினைந்து வருஷத்துக்கு முன்னால். பக்கமெல்லாம் முழங்கை நீளத்துக்கு இரும்பும் தேக்கும், தளத்தின்மேல் அண்டாவைக் கவிழ்த்ததுபோல் இரண்டு இரும்புக் கோபுரங்கள், கோபுரத்துக்கு இரண்டு பீரங்கி. பெயர் ஏதோ பழைய காலத்துச் சண்டைக்காரனின் பெயர், நாக்கில் நிற்காத பெயர்; ஆகையால் ஆட்கள் ஆமை என்றார்கள். ஆமைதான். தண்ணீருக்குமேல் தெரிகிற உடம்பு இடுப்புயரம்கூட இல்லை. பெருங்கடலைத் தாண்டி வருவதற்காகப் பக்கங்களை உயர்த்திக் கட்டி, தற்காலிகமாகப் பாய்மரம் நட்டு ஓட்டி வந்தார்களாம். வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அதோடு அது கடலுக்கு லாயக்கில்லாமல் போயிற்று. சின்ன அலை வந்தாலும் தளத்தின்மேல் ஏறிக் குதிக்கும். ஆக, பம்பாய்த் துறைமுகத்தைக் காக்க வந்த கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை விட்டு வெளியே போகமுடியாது. பதினைந்து வருஷமாக எதிரி என்று ஒருத்தனை அது பார்த்ததில்லை. வருஷத்துக்கு நாலு தடவை மிதக்கிற பீப்பாய்களைச் சுட்டது. பீப்பாய்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. எதிரி ஒரு குண்டு போடாமலே இதற்குள் ஆட்கள் முடமாகியிருக்கிறார்கள், செத்திருக்கிறார்கள். கோபுரம் சுற்றுகிற பல்லில் அகப்பட்டு ஒருத்தன் கை போயிற்று. வைகாசி வெக்கையில் நெருப்பறையில் சுருண்டு விழுந்த இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. இப்போது ருஷ்யாக்காரன் ஆப்கானிஸ்தான் எல்லைக்கு வந்துவிட்டான், அவன் கப்பல்கள் புறப்பட்டாயிற்று என்று பஜார் முழுக்கப் பேச்சு. சேட்டுகள் பெண்டுபிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஆமையைத் திடீரென்று ஊரே திரும்பிப் பார்த்தது. அதனால்தான் லாட்டு வருகிறார், அதனால்தான் இந்தப் பள்ளம், இந்தப் பள்ளத்தின்மேல் செம்மீசை விட்டுவைக்கச் சொன்ன பொருக்கு. ருஷ்யாக்காரன் எங்கே இருக்கிறானோ. எதிரி இங்கே என் இடுப்புக்குக் கீழே இருக்கிறான் என்று சந்தியாகு நினைத்தான், நினைத்துவிட்டு மறுபடி அந்த இடத்தைத் தடவினான்.

தடவாமல் இருந்திருக்கலாம். தடவினால் கயித்தான் நினைப்பில் வந்துவிடுகிறான். கயித்தான் சிரித்துக்கொண்டு வரமாட்டான், வெந்த கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் வருவான். அது வேறு கப்பல், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின ஒரு பழைய வியாபாரக் கப்பல். கயித்தான் அவன் தங்கை இன்னாசியம்மாளின் புருஷன். கல்யாணம் முடிந்து எட்டு மாதம், மீன்பிடி சரியில்லை, மச்சான் நானும் வாரேன் என்று வந்தான். அன்றைக்கும் பாய்லருக்குள் இருந்தது சந்தியாகு, வெளியே காது வைத்தது மீரான் தண்டல். அன்றைக்கும் ஓர் இடம் களிமண் சத்தம் போட்டது. அன்றைக்கு அவன் என்ன செய்தான்? இங்கே வந்ததும் நினைப்பு நின்றுகொள்ளும். மேலே போகாது, பின்னாலும் போகாது. என்ன செய்தான், தட்டினான். எங்கே தட்டினான்? தகட்டை இழுத்துப் பிடிக்கிற தாங்குகம்பி இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் தட்டினான். அங்கே எந்தத் தகடும் கணீரென்றுதான் சொல்லும், செத்த தகடும் சொல்லும். சுரண்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த திருட்டு அது. கப்பல் சாயங்காலம் புறப்படவேண்டும், கப்பல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், எல்லோரும் எரிச்சலாக இருந்தார்கள், அவனுக்குப் பசித்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. பசித்தது என்பதற்காக மூன்று தட்டு தட்டினான். மறுநாள் நடுக்கடலில் அந்தத் தகடு கிழிந்து, பீறிட்ட ஆவியில் மூன்று பேர் வெந்தார்கள். கயித்தான் இரண்டு நாள் இருந்தான், தண்ணீர் தண்ணீர் என்றான், கொடுத்தால் குடிக்கமுடியவில்லை. விசாரணை நடந்தது, காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்தார்கள், எந்தத் தாளிலும் சந்தியாகுவின் பெயர் இல்லை. இன்னாசி பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கடுதாசி எழுதினாள். கடைசியாகப் பாய்லரைப் பார்த்தது யார் அண்ணே, அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தாள். தெரியாது என்று பதில் போட்டான். ஒன்பது வருஷமாகிறது. தெரியாது, தெரியாது என்று இந்த ஒன்பது வருஷமும் ஒவ்வொரு பாய்லருக்குள்ளும் சுத்தியல் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்லவிடமாட்டேன் என்று அவன் வாய்விட்டே சொன்னான். குழாய்களுக்கிடையில் அந்தக் குரல் யாரோ பக்கத்தில் படுத்திருந்து பேசினதுபோல் கேட்டது.

பூட்ஸ் சத்தம் ஏணியில் இறங்கிற்று. செம்மீசை வந்துவிட்டார். அவர் கேட்பதும் மீரான் தண்டல் சொல்வதும் துண்டு துண்டாக உள்ளே வந்தன. வெளியே வரச்சொல். வரமாட்டேங்கிறான். தட்டிவிட்டானா. தட்டவில்லை. அப்படியானால் நான் தட்டுகிறேன் என்று அவரே ஒரு திருகுச்சாவியை எடுத்துப் பாய்லரின் பக்கத்தில் ஓங்கி மூன்று அடி அடித்தார். பக்கத் தகடு நல்ல தகடு, கோயில் மணிபோல் சொல்லிற்று. உள்ளே கிடந்தவனுக்குக் காது அடைத்துப்போயிற்று. “மூடு” என்றார். மூடிவிடுவார்களா? மூடமாட்டார்கள். மூடிவிட்டால்? தண்ணீர் முதலில் அடியில் நிரம்பும், இந்த முகட்டுக்கு ஏறிவரக் கால்மணி நேரமாகும், மாதாவுக்கு இரண்டு பிரியதத்த மந்திரம் சொல்லலாம், நாலு சொல்லலாம், விளக்கு அணையும், குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே மூக்கை எங்கே வைப்பது என்று தேடவேண்டும். இப்போதே போய்விடலாம். ஊர்ந்தால் இரண்டு நிமிஷம். மன்னிச்சிருங்க தொரெ என்றால் முடிந்தது. கை தானாகச் சுத்தியலைத் தூக்கியது. எங்கே தட்டவேண்டுமென்று அந்தக் கைக்குத் தெரியும், தாங்குகம்பி இதோ இருக்கிறது. அவன் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் புரண்டு, பாய்லர் வாயை நோக்கி மார்பால் ஊர்ந்தான். பாய்லர் வாயின் கதவு வெளியேயிருந்து மூடுகிற கதவு அல்ல. நீள்வட்டமாக இருக்கும், சாய்த்து உள்ளே நுழைத்து, உள்பக்கமிருந்து வாயில் பொருத்தி, அப்புறம் வெளியே நின்று திருகாணியால் இழுத்து இறுக்கவேண்டும். ஆகையால் திறந்திருக்கும்போது அது உள்ளேதான் சங்கிலியில் தொங்கும். சந்தியாகு சங்கிலியைக் கழற்றினான். அரை மூட்டைக் கனம். அதை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, அந்தச் செத்த இடத்துக்குப் பக்கத்தில் கிடத்தி, அதன்மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டான். இனி மூடட்டும், எதை வைத்து மூடுவார்கள் பார்க்கலாம். பயம் போய்விடவில்லை, பயத்தோடேயே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

செம்மீசை கத்தினார். அவர் பாஷையில் கத்தினார், இந்துஸ்தானியில் கத்தினார், சிறை என்றார், சங்கிலி என்றார். பிறகு வாய்ப்பக்கம் வெளிச்சம் மறைந்தது. யாரோ முனகிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். தாடி முதலில் வந்தது. “காக்கா, நீங்க எதுக்கு இந்த வயசுல?” “சும்மா கெட.” மீரான் தண்டல் மூச்சு வாங்க வாங்கப் பக்கத்தில் வந்து விழுந்தார். சந்தியாகு அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தான். அவர் நாலு விரலாலும் பார்த்தார், கட்டைவிரலால் பார்த்தார். “அல்லா” என்றார் மெதுவாக. பிறகு குழாயைப் பார்த்தபடியே, “அன்னைக்கி நீ கம்பிப் பக்கத்துலதான் தட்டுன” என்றார். “தெரியுமா காக்கா?” “காது வச்சிக் கேட்டவனுக்குத் தெரியாதாலே. கம்பிச் சத்தம் வேற, தகட்டுச் சத்தம் வேற. தெரிஞ்சிதான் நான் திருப்பித் தட்டினேன். கப்பலு கெளம்பணும்லா. நீ ஒருத்தனாட்டு சொமந்துக்கிட்டு அலையாத. பாதி எனக்குள்ளது.” இதை ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையாகவும் வந்தது. உப்புத் தூள் கரைந்து கண் எரிந்தது. “இன்னாசிக்கு எழுதணும் காக்கா.” “எழுதுவோம். ரெண்டு பேரு பேரையும் போட்டு எழுது.” அவர் கழுத்தைத் திருப்பி வாய்ப்பக்கம் பார்த்து, இந்துஸ்தானியில், அவன் அதுவரை கேட்டிராத ஒரு நிதானத்தோடு சொன்னார்: “தொரெ, தண்டலும் உள்ளதான் இருக்கேன். காது வைக்க வெளிய ஆள் இல்ல. நீங்களே வந்து பாருங்க.”

வருவார் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. ஆனால் கோட்டு கழற்றுகிற சத்தம் கேட்டது, பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. செம்மீசை வெள்ளைச் சட்டையோடு வயிற்றால் ஊர்ந்து வந்தார். பாதி வழியில் குழாயில் தலை மோதி எதையோ திட்டினார். பக்கத்தில் பார்க்க அவர் முகம் சின்னதாக இருந்தது, அவருக்கும் வேர்த்தது. சந்தியாகுவுக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. “எங்கே?” சந்தியாகு காட்டினான். அவர் அவன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். இவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல், குழாய் விட்ட இடத்துக்குள் ஓங்கி ஓர் அடி அடித்தார். களிமண் சத்தம். “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். இன்னும் பலமாக அடித்தார். “பார், நன்றாக இருக்கிறது.” மூன்றாவது அடியில் சுத்தியலின் தலை தகட்டுக்குள் இறங்கிப் பிடிவரைக்கும் போய் நின்றது. அவர் அதை இழுத்தார். இழுத்த ஓட்டை வழியாகக் கீழேயிருந்து விளக்கு வெளிச்சம் சுத்தியல் தலையின் கனத்துக்கு மேலே வந்து குழாயில் விழுந்தது. அடுப்புக்குள் சாம்பல் வாரிக்கொண்டிருந்த யாகூத் நிமிர்ந்து பார்த்தான். ஓட்டையில் அவன் கண் தெரிந்தது. “யாரது மேலே?” என்று கேட்டான். நாளைக்கு இதே நேரம், அந்தக் கண் இருக்கிற இடத்தில் முழு நெருப்பு இருந்திருக்கும், அதற்கு முன்னால் அவன்தான் நின்றிருப்பான்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். வெளிக்காற்று சந்தியாகுவின் முதுகில் பட்டது, யாகூத் ஒரு கையால் அவனைப் பிடித்து இறக்கிவிட்டான். நெருப்பறை ஆட்கள் ஒருத்தர் விடாமல் நின்றிருந்தார்கள். செம்மீசை கோட்டைப் போட்டுக்கொண்டார், தெறித்த பொத்தானைத் தேடவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், “மூன்று பாய்லர். நாளைக்கு மூன்று போதும்” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிறு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். நாலாவது பாய்லரில் ஓட்டை, சுரண்டும்போது சுத்தியலால் உடைத்தது, ஆள் இன்றோடு நீக்கம் என்று எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். “ஆள் பெயர் என்ன?” மீரான் தண்டல் ஓர் அடி முன்னால் வந்தார். “தொரெ, ஒடச்சது நீங்கல்லா? நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்” என்று தமிழிலேயே ஆரம்பித்தார். சந்தியாகு அவர் தோளில் கை வைத்தான். “விடுங்க காக்கா. எழுதட்டும். இந்தத் தாள்லயாவது எம் பேரு வரட்டும்.” தண்ணீர்க் குவளையை வாங்கி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இஞ்சினியர் துரைக்கு நேர் எதிரில் போய் நின்றான். “சந்தியாகு மச்சாதுன்னு சொல்லுங்க. மணப்பாடு. பேர முழுசாப் போடச் சொல்லுங்க காக்கா. பாய்லருக்குள்ள இருந்தது நான்தான்.”